இ.எஸ்.ஐ. வழியாகச் சம்பளத்துடன் விடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தை நம் ஊர்களில் எல்லோரும் இ.எஸ்.ஐ. என்றே சொல்கிறோம். அதைச் சொன்னவுடன் மருந்தகமும் ஆஸ்பத்திரி வரிசையும் நினைவுக்கு வரும் அளவுக்கு, நோயிலும் பேறுகாலத்திலும் அது தரவேண்டிய பணம் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. மாதந்தோறும் சந்தா கட்டியும், கேட்கத் தெரியாததால் அந்தப் பணத்தை விட்டுவிடுகிறவர்களுக்காகவே இந்தக் கேள்வி-பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இ.எஸ்.ஐ. என்றால் இலவச மருத்துவம்தானே? விடுப்புக்கு அது எப்படிச் சம்பளம் தரும்?

மருத்துவம் அதில் ஒரு பாதி மட்டுமே. நோயுற்ற தொழிலாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு, வீட்டில் அடுப்பெரிய வழியில்லாமல் விட்டால் அவர் பாதி குணத்தோடு வேலைக்கு ஓடிவிடுவார் என்பது இத்திட்டத்தை வகுத்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. பேராசிரியர் பி.பி. ஆதார்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 1955 ஜனவரியில் கோவை வழியாக வந்தது. மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில் அது முதலில் கால்வைத்தது இயல்புதான்.

மருத்துவத்தோடு சேர்த்து, நோய்க்காலப் பயன், மகப்பேற்றுப் பயன், வேலையில் அடிபட்டால் இயலாமைப் பயன் ஆகியவற்றைத் திட்டம் ரொக்கமாகத் தருகிறது. முதலாளி விடுப்பு கொடுக்கிறார். அந்த நாட்களுக்கான பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது.

இந்தப் பணம் அரசு தரும் உதவித்தொகையா?

இல்லை. இது உங்கள் சம்பளத்திலிருந்தும் உங்கள் உழைப்பை முன்னிட்டு முதலாளியிடமிருந்தும் வசூலான காப்பீட்டுப் பணம். 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. மாதம் 15,000 ரூபாய் பெறுபவரின் சம்பளச் சீட்டில் 113 ரூபாய் பிடித்தம் இருக்கும். முதலாளி தன் பங்காக 488 ரூபாய் சேர்த்து, மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முதலாளியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்தால் அது சட்டவிரோதம். சராசரி நாள் கூலி 176 ரூபாய் வரை மட்டுமே பெறுபவர் தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை. முதலாளி மட்டும் கட்டுவார், பயன்கள் அப்படியே கிடைக்கும்.

ஆகவே கிளை அலுவலகத்தில் விண்ணப்பத்தோடு நிற்கும்போது கூனிக்குறுகி நிற்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

எனக்கு இத்திட்டம் பொருந்துமா?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, உணவகம், தனியார் பள்ளி, மருத்துவமனை போன்ற நிறுவனங்களில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் பெறுபவர்களுக்குப் பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். 15,000 ரூபாயாக இருந்த பொது வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆக உயர்த்தப்பட்டது.

ஆண்டின் நடுவே சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டால் உடனே பெயர் நீங்கிவிடாது. நடப்புச் சந்தாக் காலம் முடியும்வரை நீங்கள் திட்டத்தில்தான் இருப்பீர்கள். சில நூறு ரூபாய் உயர்வுக்காகக் குடும்பம் முழுவதற்குமான மருத்துவத்தையும் நோய்க்காலச் சம்பளத்தையும் ஒருவர் இழக்க நேர்வது இத்திட்டத்தின் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். விலைவாசியோடு சேர்ந்து இந்த வரம்பும் தானாக நகர வேண்டும்.

நான் கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்கிறேன். கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்கிறார்களே?

பொறுப்பு உண்டு. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது யாருடைய வளாகத்தில் வேலை நடக்கிறதோ அந்த நிறுவனம், இரண்டு பங்குகளையும் கட்டிவிட்டுப் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும்.

நோய்க்கால விடுப்புக்குப் பணம் பெற எத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும்?

78 நாள். ஆனால் எந்த 78 நாள் என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆண்டில் இரண்டு சந்தாக் காலங்கள் உள்ளன: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு ஒரு பயன் காலம் வருகிறது. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர்–மார்ச்சில் கட்டிய சந்தாவுக்கு அதை அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையும் பயன் கிடைக்கும். நோய் எந்தப் பயன் காலத்தில் வந்ததோ, அதற்கு உரிய சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைக்கும் ஒருவருக்குப் பிப்ரவரியில் மஞ்சள் காமாலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்குப் பின்பும் பொங்கலுக்குப் பின்பும் அவர் ஒருநாள் விடாமல் வேலைக்கு வந்திருக்கலாம். இந்தக் கணக்கில் அந்த நாட்கள் சேரா. முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவர் பெயரில் எத்தனை நாள் காட்டப்பட்டது என்பதையே அலுவலகம் பார்க்கும். அந்த மாதங்களில் ஆர்டர் இல்லாமல் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை இருந்திருந்தால், 26 வாரங்களுக்கு 78 நாள் என்று மயிரிழையில் தேறிவிடுவார். அதில் ஒரு வாரத்தைக் கம்பெனி கணக்கில் காட்டாமல் விட்டிருந்தால் அவருக்கு ஒரு ரூபாயும் வராது. நாள் கணக்கைக் குறைத்துக் காட்டுவது முதலாளிக்குச் சில நூறு ரூபாய் மிச்சம்; தொழிலாளிக்கு அது மூன்று மாதச் சோறு. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கொண்டு உள்நுழைந்து, ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் காட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டோடு அதை ஒப்பிடும் பழக்கம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு?

மருத்துவம் சேர்ந்த நாள் முதலே கிடைக்கும். முதன்முறையாகத் திட்டத்தில் சேர்பவருக்கு நோய்க்காலப் பணம் மட்டும் சேர்ந்து ஒன்பது மாதம் கழித்தே தொடங்குகிறது. அவருடைய முதல் சந்தாக் காலம் குறுகியதாக இருந்தால் 78 நாள் என்ற கணக்குக்குப் பதிலாக, வேலை செய்யக் கிடைத்த நாட்களில் பாதிக்குச் சந்தா இருந்தால் போதும்.

எவ்வளவு பணம், எத்தனை நாளுக்கு?

சராசரி நாள் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். சந்தாக் காலத்தில் ஒருவருக்கு 150 நாட்களுக்கு 90,000 ரூபாய் சம்பளம் காட்டப்பட்டிருந்தால் சராசரி நாள் சம்பளம் 600 ரூபாய். நோய்க்காலப் பயன் நாளொன்றுக்கு 420 ரூபாய்.

நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை. ஆனால் முந்தைய நோய் விடுப்பு முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் படுத்துவிட்டால், அந்த இரண்டு நாள் கழிவு கிடையாது. முதலாளியிடம் சம்பளம் பெற்ற நாளுக்கும், வேலைநிறுத்தத்தில் இருந்த நாளுக்கும் இப்பயனைக் கேட்க முடியாது. கருத்தடை அறுவை செய்துகொள்பவருக்கு மட்டும் முழுச் சம்பளம் உண்டு: ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள்.

சான்றிதழை யாரிடம் வாங்க வேண்டும்? தனியார் மருத்துவரின் சான்று செல்லுமா?

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் மருத்துவரோ, இ.எஸ்.ஐ. மருத்துவமனையோ தரும் சான்றே நேரான வழி. விடுப்பு நீளும்போது இடைச்சான்றும், முடியும்போது வேலைக்குத் திரும்பத் தகுதி என்ற இறுதிச் சான்றும் பெற வேண்டும். பணத்துக்கான விண்ணப்பத்தை இணையம் வழியாகவோ கிளை அலுவலகத்திலோ கொடுக்கலாம்.

இரவில் நெஞ்சுவலி வந்து அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாலேயே உரிமை போய்விடாது. வேறு மருத்துவரின் சான்றையும் மாற்று ஆதாரமாக ஏற்க விதிகள் இடமளிக்கின்றன; இ.எஸ்.ஐ. மருத்துவ அதிகாரி பார்த்துக் கருத்துச் சொல்வார். சேர்க்கைச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், வீடு திரும்பும்போது தரும் சுருக்கம் ஆகிய அனைத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

விடுப்பில் இருப்பவர் சிகிச்சையைத் தொடர வேண்டும். மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் அந்தப் பகுதியை விட்டுப் போகக் கூடாது. உடம்பு தேற ஊருக்குப் போய் அம்மா கையால் கஞ்சி குடிக்க வேண்டும் என்று நினைப்பது இயற்கை. போவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி அனுமதி பெற்றுவிட்டால் பிறகு எந்தச் சிக்கலும் வராது.

காசநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு 91 நாள் எப்படிப் போதும்?

போதாது. அதற்காகவே நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் இருக்கிறது. காசநோய், தொழுநோய், புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், மனநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு வீதம், இரண்டு ஆண்டுகள் வரை பணம் பெறலாம். இதற்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து திட்டத்தின்கீழ் வேலையில் இருந்திருக்க வேண்டும். அந்த நான்கு சந்தாக் காலங்களில் குறைந்தது 156 நாட்களுக்குச் சந்தா இருக்க வேண்டும்.

கையில் ரொக்கம் இல்லாததால் காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. 80 விழுக்காட்டுச் சம்பளம் வீட்டுக்கு வரும் என்பதை நோய் உறுதியான அன்றே மருத்துவரோ தொழிற்சங்கமோ அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

வேலையில் அடிபட்டால்?

எந்தச் சந்தாக் கணக்கும் பார்க்கப்படாது. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்து அன்றே எந்திரத்தில் விரல் சிக்கினாலும், குணமாகும்வரை சராசரிச் சம்பளத்தில் 90 விழுக்காடு உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு நிறுவப்பட்டால், 2010 முதல் இதில் அடங்கும். விபத்தை உடனே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். நோய் விடுப்பாகக் காட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் இணங்க வேண்டாம்.

மகப்பேற்று விடுப்பு எத்தனை நாள்? யாருக்கு?

26 வாரம், அதாவது 182 நாள், முழுச் சம்பளத்துடன். இதில் குழந்தை பிறக்கும் எதிர்பார்ப்புத் தேதிக்கு முன்பாக அதிகபட்சம் 8 வாரம் எடுத்துக்கொள்ளலாம். 2017 ஜனவரி 20 வரை இது 12 வாரமாகவே இருந்தது. ஏற்கெனவே உயிருடன் இரண்டு குழந்தைகள் இருக்கும் தாய்க்கு இன்றும் 12 வாரம்தான்.

தகுதி எளிது: முந்தைய இரண்டு சந்தாக் காலங்களிலும் சேர்த்து 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் போதும். மேலே சொன்ன 600 ரூபாய்க் கணக்குப்படி ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய தொகை 1,09,200 ரூபாய். மூன்றாவது மாதத்தில் மேற்பார்வையாளர் முகம் சுளித்தார் என்பதற்காக, இந்த விவரம் தெரியாமலே வேலையை விட்டு நின்றுவிடும் பெண்கள் எவ்வளவு பெரிய தொகையைத் துறந்துவிட்டுப் போகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கருச்சிதைவு நேர்ந்தால் 6 வாரம் உண்டு. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கும், வாடகைத்தாய் வழியாகக் குழந்தை பெறும் தாய்க்கும் குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம். இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி இல்லாத இடத்தில் பிரசவம் நடந்தால் செலவுக்கு 7,500 ரூபாய், இரண்டு பிரசவங்கள் வரை கிடைக்கும். பிரசவத்தில் தாய் இறந்து குழந்தை பிழைத்திருந்தால், அவருக்குரிய பணம் முழுக் காலத்துக்கும் அவர் நியமித்தவருக்குத் தரப்படும்.

சம்பளம் 21,000-க்கு மேல் இருக்கும் பெண்களுக்கு?

அவர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்த முறை பொருந்தும். 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் அங்கும் 26 வாரம் முழுச் சம்பளம்தான். வேறுபாடு என்னவென்றால், அதை முதலாளியே தன் கையிலிருந்து தர வேண்டும். இந்த ஏற்பாடு பெண்களுக்கே எதிராகத் திரும்பும் வாய்ப்பு அதிகம். திருமணமாகப் போகும் பெண்ணை வேலைக்கு எடுத்தால் ஆறு மாதச் சம்பளம் நட்டம் என்று கணக்குப் போடும் நிறுவனம், நேர்காணலிலேயே அவரைத் தட்டிக்கழித்துவிடும். ஆண், பெண் அனைவருக்காகவும் எல்லா முதலாளிகளும் கட்டும் பொது நிதியிலிருந்து பணம் வருவதால், இ.எஸ்.ஐ. முறையில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. இது எல்லாச் சம்பளப் பிரிவினருக்கும் விரிய வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுவே.

தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேற்று விடுப்பு உண்டு. வீட்டு வேலை, வயல் வேலை, சித்தாள் வேலை செய்யும் பெண்களுக்கோ சம்பளத்துடன் விடுப்பு என்பதே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், அதுவும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து, தவணைகளில் வருகிறது. அந்த உதவி மதிப்புமிக்கதுதான். ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

குழந்தை பிறந்தால் தந்தைக்கு விடுப்பு உண்டா? நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள?

இ.எஸ்.ஐ.யில் இரண்டும் இல்லை. உங்களைச் சார்ந்திருக்கும் தாய்க்கு இலவச மருத்துவம் கிடைக்கும். அவர் படுக்கைக்கு அருகில் நீங்கள் அமர்ந்திருக்கும் நாட்களுக்குச் சம்பளம் கிடைக்காது. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது. தனியார் துறையில் அப்படி ஒரு சட்ட உரிமை இல்லை.

இத்தகைய விடுப்புகளையும் காப்பீட்டில் சேர்ப்பது நடக்கக்கூடியதே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் தொழிலாளரின் சொந்த நோய்க்கு 1946 முதல் வைத்திருந்த காப்பீட்டோடு, குடும்பத்தாரைப் பராமரிப்பதற்கான விடுப்பையும் 2002-இல் சட்டம் இயற்றிச் சேர்த்தது. 2004 ஜூலை முதல் அந்தப் பணம் வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் 6 வாரமாக இருந்தது 2020-இல் 8 வாரமானது. தந்தையருக்கும் அது உண்டு. வசூலும் வழங்கலும் ஏற்கெனவே இருந்த நிதியத்தின் வழியாகவே நடக்கின்றன. நம்மிடமும் நிதியம் இருக்கிறது, கிளை அலுவலகங்கள் இருக்கின்றன, காப்பீட்டு எண் இருக்கிறது. சட்டத்தில் ஒரு புதிய பயனைச் சேர்ப்பதுதான் மிச்சம்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கலாமா?

கூடாது. நோய்க்காலப் பயன், மகப்பேற்றுப் பயன், தற்காலிக இயலாமைப் பயன் ஆகியவற்றைப் பெறும் காலத்திலும், சான்றளிக்கப்பட்ட நோயால் வேலைக்கு வராத காலத்திலும் நீக்கவோ, பதவி குறைக்கவோ, தண்டிக்கவோ கூடாது என்பது 1948-ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே வரும் பாதுகாப்பு. ஆறு மாதத்துக்கு மேல் தொடரும் நோயில் மட்டும் சில விதிவிலக்குகள் உள்ளன. சான்றின் நகலை முதலாளிக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ மின்னஞ்சல் பதிலோ வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே பதில்.

சம்பளத்தில் பிடித்துவிட்டு முதலாளி கட்டவில்லை என்றால்?

அது நம்பிக்கை மோசடிக் குற்றம். முதலாளி கட்டத் தவறியதால் நீங்கள் தகுதி இழக்க நேர்ந்தால், கழகமே உங்களுக்குப் பயனைத் தந்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழி உண்டு. பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டும், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். கையில் ரொக்கமாகக் கூலி வாங்குகிறவர்கள் வருகை அட்டையையாவது கைபேசியில் படமெடுத்து வைத்திருப்பது நல்லது.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் என்ன மாறியது?

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது, இ.எஸ்.ஐ. சட்டமும் மகப்பேறு நலச் சட்டமும் அதற்குள் அடங்கிவிட்டன. பழைய விதிகள், தொகுப்புக்கு முரண்படாத அளவுக்கு, இடைக்காலத்தில் தொடர அத்தொகுப்பே இடமளிக்கிறது. அபாயகரமான தொழில் என்று அரசு அறிவிக்கும் இடத்தில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தலாம், 10 பேருக்குக் குறைவான நிறுவனங்களும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் இசைந்தால், தாமாகச் சேரலாம். நான்கைந்து பேரோடு நடக்கும் பட்டறைகளில் இருப்பவர்கள் இந்தக் கடைசி வழியைப் பற்றி முதலாளியிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் யாரிடம் போவது?

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அது நாள் கணக்குக் குறைவாகவோ, சான்றுகளுக்கு இடையில் விடுபட்ட நாட்களாகவோ, வங்கிக் கணக்குப் பெயரில் உள்ள பிழையாகவோ இருக்கும். கிளை மேலாளர் நிலையிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். அதன் பிறகும் பயன் மறுக்கப்பட்டால், தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தை அணுகலாம்; தகுதி, சம்பளக் கணக்கு, சந்தா பாக்கி ஆகிய தகராறுகளை அதுவே விசாரிக்கும். தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் வேலை செய்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி தரப்படுகிறது.